அரிசிப் போத்தலுக்குள் உம்மாவின் குரல்

 

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரம். பண்டாரவளையில் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அஸர் தொழுகை முடிந்து, மதரஸாப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். வாசலில் ஒரு சகோதரி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஜாம் போத்தல். போத்தல் நிறைய அரிசி. அரிசிக்கு நடுவே ஒரு கைத்தொலைபேசி தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஹஸரத், உங்களிடம் ஓதிய பிள்ளை ஒன்று டவுனில் போன் திருத்தும் கடையில் நிற்கிறானாமே. அவனிடம் ஒரு சொல் சொல்லுங்கள். காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. இதற்குள் எங்கள் உம்மாவின் குரல் இருக்கிறது” என்றார்.

அந்தச் சகோதரியின் தாயார் காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி, மகளுக்கு எதைச் சொல்வதென்றாலும் வட்ஸ்அப்பில் குரலாகத்தான் அனுப்புவாராம். ‘மழை வருது, உடுப்பை எடு’, ‘பிள்ளைக்குச் சளி எப்படி’, ‘மாசியைக் கொஞ்சம் கூடப் போடு’ என்று அன்றாடப் பேச்சுகள்தாம். உயிரோடு இருக்கும்போது அவற்றை யார் பெரிதாக எண்ணினார்கள்? மௌத்தான பின்புதான் மகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கியிருக்கிறார். அந்தப் போன்தான் இப்போது அரிசிக்குள் கிடந்தது.

நடந்தது இதுதான். நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். (அந்தப் பெயரைக் கொடுத்த நாடு யெமன். சொகோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயராம்.) பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலைநாடு முழுவதும் மண் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த இரவுகளில் ஒன்றில்தான் இந்தச் சகோதரியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் வெடிப்பு கண்டது. மின்சாரம் இல்லை. கணவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, இவர் மற்றப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, போனிலுள்ள டோர்ச் வெளிச்சத்தில் பாதையைப் பார்த்துப் பார்த்துப் பாடசாலைக் கட்டடம் வரை நடந்திருக்கிறார். கொட்டும் மழையில் ஏறக்குறைய ஒரு மணித்தியால நடை. போன் அவ்வளவு நேரமும் திறந்த கையில், எரிந்தபடியே!

பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் தானாக அணைந்துவிட்டது. யாரோ சொன்னபடி அரிசிக்குள் போட்டார். மூன்றாம் நாள் மின்சாரம் வந்ததும் முதல் வேலையாகச் சார்ஜரைச் செருகினார். திரை ஒரு தடவை பளிச்சென்று எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகு எழும்பவேயில்லை.

மறுநாள் நானே அவரையும் கணவரையும் அந்த மாணவனிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவன் கெட்டிக்காரன். ஏழாம் ஜுஸுவோடு ஹிப்ழை விட்டுவிட்டுப் போனவன். அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு, அது வேறு கதை. போனின் முதுகைச் சூடாக்கிக் கழற்றி, உள்ளே இருந்த பச்சைத் தகட்டைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் வைத்து, “பாருங்க ஹஸரத்” என்றான். சார்ஜர் செருகும் துளையை அடுத்துப் பழைய செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடித்தாற்போலப் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருந்தது. துளைக்குள்ளே இரண்டு அரிசிக் குருணையும் கொஞ்சம் மாவும் இருந்தன.

“தண்ணியால மட்டும் இது செத்திருக்காது ஹஸரத். தண்ணியோட கரண்ட் சேர்ந்ததாலதான் செத்தது” என்றான் அவன்.

நான் அரபுக் கல்லூரியில் படித்தவன். விஞ்ஞானம் எனக்குத் தூரம். ஆனாலும் அவன் சொன்னதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லிவிடலாம். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் நம் கையில் வியர்வை இருக்கிறது, வியர்வையில் உப்பு இருக்கிறது. போனின் இடுக்குகளில் தூசி இருக்கிறது. இவையெல்லாம் மழைத்துளியில் கரைந்து உள்ளே போகும்போது அது மின்சாரம் ஓடும் நீராகிவிடுகிறது. போன் அணைந்திருந்தால் பாதிப்பு மெதுவாகத்தான் நடக்கும். எரிந்துகொண்டிருந்தாலோ, அல்லது சார்ஜரைச் செருகினாலோ, அந்த நீர் வழியே மின்சாரம் ஓடி, மயிரிழை போன்ற செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடுகிறது. சில நிமிடங்கள் போதும் என்கிறான்.

இனி அரிசி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வைத்தியத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, மார்க்கக் கடமை போல எல்லா வீடுகளிலும் பரவிவிட்டது! உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போட்டால் உப்பு கசியாது என்பது நம் உம்மாமார் கண்ட அனுபவம். அதையே போனுக்கும் பொருத்திவிட்டோம். அரிசி பக்கத்திலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம். தகட்டின் அடியில் ஒளிந்திருக்கும் துளியைத் தேடிப் பிடித்து இழுக்க அதற்குச் சக்தி கிடையாது. காற்றோட்டமான இடத்தில் சும்மா வைப்பதைவிட அரிசி மேலானது அல்ல. அதன் மாவும் குருணையும் துளைக்குள் போய் வேறு தொல்லை தருகின்றன. ஐபோன் செய்யும் அப்பிள் நிறுவனமே, நனைந்த போனை அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம், சிறு துகள்கள் போனுக்குக் கேடு செய்யும் என்று தன் வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு அது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அரிசியால் வரும் பெரிய கேடு இன்னொன்று. ‘மூன்று நாள் அரிசிக்குள் வைத்தாயிற்று, இனிக் காய்ந்திருக்கும்’ என்ற தைரியத்தில் நாம் சார்ஜரைச் செருகிவிடுகிறோம்.

“எங்கள் போன் தண்ணீர் புகாத போன், கடைக்காரர் சொல்லித்தான் தந்தார்” என்று சில சகோதரிகள் சொல்லக்கூடும். அந்தப் பெட்டியில் ஐ.பி. 67, ஐ.பி. 68 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்த்தி வைத்தும் கெடுதி செய்யுமளவு தண்ணீர் புகவில்லை என்று பொருள். 68 என்றால் அதற்கும் மேலான ஆழம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைச் செய்த நிறுவனமே குறிப்பிடும். ஆனால் இந்தச் சோதனை புதுப் போனுக்கு, ஓடாத நன்னீரில் நடத்தப்படுவது. சவர்க்காரத் தண்ணீர், கடல்நீர், கொதிநீர் ஆவி, சீனி போட்ட பிளேன்டீ ஆகிய எதுவும் அந்தச் சோதனையில் இல்லை. கீழே விழுந்து ஓரம் வெடித்த போனுக்கும், திரை மாற்றிய போனுக்கும் அந்த எண் செல்லாது. பசையும் றப்பரும் ஒருமுறை விட்டுப்போனால் போனதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: தண்ணீர் புகாது என்று விற்கும் நிறுவனங்களிலேயே பல, தண்ணீரால் பழுதானால் உத்தரவாதம் இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டுவிடுகின்றன. போனுக்குள்ளே ஒரு சிறு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். கடைக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்!

நம் ஊவாவில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதற்கு நம் காலநிலையே காரணம். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று எல்லாவற்றையும் காயவைத்துவிடும். அப்போது நாம் போனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒக்டோபர், நவம்பரில் பகல் வெயிலை நம்பிக் குடையில்லாமல் போனால் பின்னேரம் இடியோடு ஊற்றும். டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை. இவற்றுக்கு நடுவே பனிமூட்டம் வேறு. மூட்டத்தில் நடந்தால் குடை பிடித்தும் முந்தானை ஈரமாகிறதே, போன் மட்டும் தப்புமா? துன்ஹிந்தவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். ‘துன்’ என்பது சிங்களத்தில் புகை. அந்த அருவி 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து புகையாய்ப் பறக்கிறது. பார்வை மேடையில் நின்றால் மழை பெய்யாமலே நனைவோம். அங்கே நின்றுதான் எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள்!

குளிர்ந்த போனை நேராகக் குசினிச் சூட்டுக்குள் கொண்டுபோவதும் நல்லதல்ல. வெளியே குளிரில் இருந்துவிட்டு வந்தால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா, அதே ஈரம் போனிலும் படியும். பையிலேயே கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் போதும்.

இந்த விஷயத்தில் தோட்டத்துச் சகோதரிகளிடம் நாம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழையிலும் மலையில்தான் நிற்கிறார்கள். தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. அவர்களுக்குப் போன் ஆடம்பரமல்ல. லயத்தில் விட்டுவந்த பிள்ளையின் செய்தியும், கொழும்பில் வேலை செய்யும் மகனின் செய்தியும் அதில்தான் வருகின்றன. எங்கள் தெருவில் காய்கறி விற்க வரும் ஓர் அம்மாவிடம், “மழையில் போனை எப்படி அம்மா வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். சோறு கட்டும் லஞ்ச் சீட்டில் இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒரு பொலித்தீன் பை, வாயை முறுக்கி மடித்து றப்பர் வளையம், அதற்கு மேல் ஒரு துணிப்பை. “மழையில வெளிய எடுக்கிறதே இல்லீங்க. மணி அடிச்சா மடுவத்துக்குப் போய்த்தான் எடுப்பேன்” என்றார். நான் எத்தனையோ கடைகளில் பார்த்த உறைகளைவிட இது மேலான ஏற்பாடு. அவர் முதுகில் கூடையைச் சுமந்தபடி முப்பது வருடம் வேலை செய்தவர்.

கடையில் வாங்க விரும்புகிறவர்களுக்கு, கழுத்தில் மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் உறைகள் இருக்கின்றன. வாயை அழுத்தி மூடும் உணவுப் பைகளும் போதும், இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் இன்னும் நல்லது. எதை வாங்கினாலும் முதலில் உள்ளே போனுக்குப் பதிலாக ஒரு டிஷ்யூத் துண்டை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். துண்டு காய்ந்தபடி இருந்தால் மட்டுமே போனை வையுங்கள். மெல்லிய பொலித்தீனுக்கு மேலாலேயே திரையைத் தொட்டுப் பேசலாம். வெளியே எடுக்கத் தேவையில்லை. புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, தின்னக்கூடாது என்று எழுதியிருக்கும், அதை எறியாமல் அந்தப் பைக்குள் போட்டு வையுங்கள். அதுதான் ஈரத்தை இழுக்கும் உண்மையான பொருள். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சட்டைக்குள் செருகிக்கொள்ளும் வழக்கம் சகோதரிகளிடம் உண்டு. மழைக்கு அது மறைவுதான், ஆனால் வியர்வைக்கு மறைவல்ல. உறையில்லாமல் அப்படி வைக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் தனியாக ஒரு கை டோர்ச் இருக்கட்டும். இருட்டில் வழி காட்டுவதற்குப் போனைப் பிடித்தால், அது திறந்த மழையில் எரிந்துகொண்டு நனையும், பெற்றரியும் தீரும். எங்கள் சகோதரிக்கு நேர்ந்தது அதுதானே! சில நூறு ரூபாய் டோர்ச் ஒன்று கதவருகே ஆணியில் தொங்கியிருந்தால் அந்தப் போன் காய்ந்த பையில் இருந்திருக்கும்.

போன் காய்ந்திருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கிறீர்களா? மலைச்சரிவில் வாழும் நமக்கு அபாய அறிவித்தல் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வந்து சேர்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்து மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். இந்தக் கணக்கு நம் மாவட்டத்தில் குசினிச் சுவரில் எழுதி ஒட்டப்பட வேண்டியது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை இறங்கியதை நாம் கண்முன் கண்டோம். பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. அந்த இடம் அபாயமானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது கேட்டவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது, போக அவர்களுக்கு வேறு இடம் இருந்ததா என்பவை போனை விடப் பெரிய கேள்விகள். அவற்றைப் போன் உறையால் மூடிவிட முடியாது என்பதையும் நான் அறிவேன். ஆனாலும் ஓர் இரவில் ஓடும்போது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ, அம்புலன்ஸுக்கு 1990க்கோ, பொலிஸுக்கு 119க்கோ ஓர் அழைப்பு எடுக்கக்கூடிய நிலையில் கையில் ஒரு போன் இருந்தால், அது ஒரு வீட்டுக்கு மட்டுமல்ல, அந்த லயம் முழுவதற்கும் உதவும்.

திரை நனைந்தால் விரலுக்கு இணங்காது, தானாகத் திறந்து தானாக மூடும். போன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். காய்ந்த துணியால் துடைத்தால் சரியாகும். விரல் ரேகையும் ஈரத்தில் எடுபடாது. ஆகவே திறக்கும் இலக்கம் வீட்டில் இன்னுமொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைக்கும் இரகசியம் அதில் இருக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நனைந்தேவிட்டால் என்ன செய்வது? உடனே அணையுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று ஒருமுறை பார்த்துவிட்டு அணைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பட்டன் போனாக இருந்தால் முதுகைத் திறந்து பெற்றரியைக் கழற்றிவிடுங்கள். வயதானவர்கள் வைத்திருக்கும் அந்தப் பழைய போன்கள் இந்த வகையில் அதிர்ஷ்டசாலிகள். மேலுறையையும் சிம் தட்டையும் எடுத்து, துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பலமாக உதறினால் தண்ணீர் இன்னும் உள்ளே போகும். துளைக்குள் துணியையோ பஞ்சையோ திணிக்க வேண்டாம். பிறகு காற்று வரும் இடத்தில் சாய்த்து வையுங்கள். மின்விசிறிக் காற்று நல்லது என்கிறார்கள். பண்டாரவளைக் குளிரில் மின்விசிறி உள்ள வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! அடுப்படியில் வைக்கவோ, தலைமயிர் காயவைக்கும் யந்திரத்தால் சூடேற்றவோ கூடாது. லிதியம் பெற்றரிக்குச் சூடு ஆகாது. பெற்றரி வீங்கியிருந்தால் அமுக்க வேண்டாம், சார்ஜ் செய்ய வேண்டாம், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம்.

நன்றாக நனைந்திருந்தால் காத்திருப்பதைவிடச் சீக்கிரமாகத் திருத்துபவரிடம் கொடுப்பதே மேல். அவர் திறந்து, ஒருவகை அற்ககோலால் கழுவி, களிம்பு பிடிக்கும் முன் துடைத்துவிடுவார். கடல்நீர், பிளேன்டீ, சவர்க்காரத் தண்ணீர் என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தண்ணீர் காய்ந்தாலும் உப்பும் சீனியும் உள்ளேயே நின்றுவிடும்.

ஆண்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த மாணவனிடம், “மழையில் நனைந்த போன்தான் உனக்கு அதிகம் வருகிறதா?” என்று கேட்டேன். “மழையோட ஹவ்ழும் இருக்கு ஹஸரத்” என்றான். வுழூச் செய்யக் குனியும்போது சட்டைப் பையிலிருந்து போன் ஹவ்ழுக்குள் விழுகிறதாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒன்றிரண்டாவது கடைக்கு வருமாம். என் போனும் ஒருமுறை அப்படிக் குளித்திருக்கிறது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அதை அவனேதான் திருத்தித் தந்தான். அவன் மறந்திருக்க மாட்டான்.

அந்தச் சகோதரியின் போனுக்கு வருவோம். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, தகடு போய்விட்டது, உள்ளே இருப்பதை எடுக்க முடியாது என்று மாணவன் கைவிரித்தான். அவர் அழவில்லை. துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வட்ஸ்அப் செய்திகளைக் கூகிள் கணக்கில் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. அமைப்பிற்குள் போய் ஒருமுறை சொல்லிவைத்தால் அது தானாகவே நடக்கும். அவர் அதைச் செய்திருக்கவில்லை. வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று இருந்தால் இன்று இரவே அதைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஆனால் கடையை விட்டு இறங்கும்போது மாணவன் ஒன்று கேட்டான்: “உம்மா இந்தக் குரல்களை அனுப்பினது எந்தப் போனால?”

அனுப்பியவரின் போனிலும் அந்தக் குரல் இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை! தாயாரின் போன், அவர் காலமான பிறகு தம்பியின் மகனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவன் விளையாட்டுகளுக்கு இடம் வேண்டுமென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தான். சவூதியிலிருக்கும் மூத்த சகோதரிக்கு அன்று இரவே செய்தி போயிற்று. குடும்பத்தார் எல்லோரும் இருந்த வட்ஸ்அப் குழுவில் அந்த உம்மா பெருநாளைக்குப் பேசியதும், ஒரு பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பேசியதுமாக ஏழு குரல்கள் அவரிடம் அழியாமல் இருந்தன. அவற்றை அவர் தங்கையின் கணவருடைய போனுக்கு அனுப்பிவைத்தார்.

சென்ற வாரம் மகனை மதரஸாவுக்குக் கூட்டிவந்தபோது அந்தச் சகோதரியைப் பார்த்தேன். புதுப் போன் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டு பொலித்தீன் பைக்குள் இருந்தது. மழை இல்லை, நல்ல வெயில்.